அகப்பையால் தேய்த்தெடுத்த முகம்

மச்சாள்,

அண்ணை அனுப்பிய கடதாசி மட்டைக் குழாய் நேற்று வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைச் சைக்கிளின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து, "பிரான்சில இருந்து என்னக்கா, புல்லாங்குழலோ?" என்று கேட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தேன். மூடியைக் கழற்றியதும் ஆளிவிதை எண்ணெயும் அச்சு மையும் கலந்த அந்த மணம் வந்தது. உள்ளே இருந்ததை எடுக்க மனம் வராமல் குழாயை மடியில் வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டேன்.

எங்கள் தீவின் இந்த இறுப்பிட்டி வீட்டுக்குள் அந்த மணத்தை முதலில் கொண்டுவந்தவர் நீங்கள். அன்றைக்கு அம்மா சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதென்ன, வள்ளத்துக்குப் பூசிறதை வீட்டுக்கை கொண்டு வந்திருக்கிறா?" என்று குசினிக்குள் நின்று என்னிடம் கேட்டார். உங்களிடம் கேட்கவில்லை. உங்களோடு கதைப்பதில்லை என்று அம்மா முடிவு எடுத்திருந்த காலம் அது.

குழாய்க்குள் ஒரு பத்திரிகைத் துண்டும் இருந்தது. உங்கள் ஊர்ப் பத்திரிகையில் உங்களைப் பற்றி எழுதியிருந்ததை வெட்டி, மறுபக்கத்தில் தமிழில் சுருக்கமாக எழுதி அனுப்பியிருந்தார் அண்ணை. கடற்கரைச் சிறுபட்டினம் ஒன்றில், மீன் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைக்காரர் ஒருவரின் மகள். பாரிசில் ஓவியம் படித்தவர். நெடுங்காலம் மற்ற ஓவியர்களின் தகடுகளை அச்செடுத்துக் கொடுக்கும் பட்டறையில் வேலை செய்தவர். பிந்தித்தான் பேர் பெற்றார். மரப்பலகையில் தீவுகளை வெட்டிக் கறுப்பு மையில் அச்செடுத்த படங்கள் பல ஊர்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவ்வளவும் சரி. ஆனால் அதில் எங்கள் அம்மா இல்லை. அம்மா இல்லாமல் உங்கள் கதையை எழுதுகிறவன் என்னத்தை எழுதினான்?

ஆகவே நான் எழுதுகிறேன். நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்று தெரியும். போன மாரியில் அண்ணை தொலைபேசியில் "அவ போட்டா, தங்கச்சி" என்று உங்கள் சாவைச் சொல்லிவிட்டு தொலைபேசியை வைத்தார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. நேற்று அந்த மணத்துக்குத்தான் வந்தது.

நீங்கள் அப்பாவைக் கண்டது ஒரே ஒரு முறை. கலவரத்துக்கு முந்திய வருடம், அண்ணை உங்களைக் கலியாணம் செய்து கூட்டிக்கொண்டு தெற்கில் எங்கள் கடை இருந்த பட்டினத்துக்கு வந்தபோது. கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. அம்மா தலையிடி என்று அறைக்குள் படுத்தவர், மூன்றாம் நாள் நீங்கள் வெளிக்கிடும்வரை எழும்பவேயில்லை. அப்பாதான் உங்களைக் கடைக்குள் கூட்டிப்போய்க் கதிரை போட்டு, வெறுந்தேத்தண்ணியும் கதலி வாழைப்பழமும் தந்தார். அவருக்கு உங்கள் பாஷை தெரியாது, உங்களுக்கு அவர் பாஷை தெரியாது. ஆளுக்கு ஆள் பார்த்துச் சிரித்தே பொழுது போனது. நீங்கள் அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. விலை கேட்க வந்த சிங்களக் கிழவி ஒருத்தி, இந்த வெள்ளைக்காரி ஏன் முதலாளியை இப்படிப் பார்க்கிறாள் என்று என்னிடம் கேட்டாள்.

அடுத்த ஆடியில் கடைக்கு நெருப்பு வைத்தார்கள். அம்மாவையும் என்னையும் பின்பக்கத்தால் ஒரு வீட்டில் விட்டுவிட்டு, கடையைப் பார்த்து வருகிறேன் என்று போன அப்பா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எங்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். ஊருக்கு வந்து, தர்ப்பைப் புல்லில் உருச் செய்து எரித்துக் காரியத்தை முடித்தோம். அம்மா ஐயரின் முகத்துக்கு நேரே, "புல்லை எரிச்சுப்போட்டு அவரை எரிச்சதெண்டு சொல்லுறியள்" என்றார். ஐயர் பாவம், அவர் என்ன செய்வார்?

முகம் பார்க்காமல் அனுப்பியதுதான் அம்மாவைத் தின்றது. பார்ப்பதற்குப் படமும் இல்லை. கலியாணப் படம் முதற்கொண்டு எல்லாம் கடையோடு போய்விட்டது. சொந்தக்காரர் வீடுகளில் தேடினோம். கலியாணக் கூட்டங்களில் எடுத்த படம் எதிலும் அப்பா இல்லை. படம் எடுக்கிற நேரம் அவர் சமையல் கொட்டிலில் சோறு வடிக்கிற ஆட்களோடு நிற்பார், அதுதான் அவருக்கு விருப்பம். அகப்பட்ட ஒரே படத்தில் பாதிக் காதும் சால்வையும் தெரிந்தன. அந்தக் காதை அம்மா விரலால் தடவித் தடவியே மங்கச் செய்துவிட்டார்.

முப்பத்தோராம் நாளில் செத்தவரின் படமும் தேவாரமும் வாழ்க்கையும் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கும் கல்வெட்டு, அப்பாவுக்கு வரவில்லை. படமில்லாத கல்வெட்டு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆண்டு முடிவில் வரும் ஆட்டைத் திவசத்துக்காவது கல்வெட்டு எப்படியும் வரவேண்டும் என்று அதிலேயே கண்ணாக இருந்தார். அந்தத் திவசத்துக்குத்தான் நீங்களும் அண்ணையும் வந்தீர்கள்.

வந்த முதல் கிழமை உங்களைப் பார்க்க ஊரே வந்தது. அண்ணையிடம் அடுக்களையில் படித்த தமிழ் உங்களுடையது. நான் எதைக் கேட்டாலும் ஓம் என்பீர்கள். "உறைப்புக் காணுமோ?" "ஓம்." "இன்னும் போடட்டோ?" "ஓம்." கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டீர்கள். பக்கத்து வீட்டு மாமா உங்களைப் பெயின்ரர் என்று கேள்விப்பட்டு, தன் வாசல் படலைக்குப் பச்சை அடித்துத் தருவீர்களோ என்று கேட்க வந்தார். உங்களிடம் கறுப்பு மைத் தகரம் மட்டுமே இருந்ததைக் கண்டு, "உது என்ன பெயின்ரர், ஒரு கலர் கூட இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்.

நிறத்தை ஏன் விட்டீர்கள் என்று நானும் ஒரு நாள் கேட்டேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தோம். சொல்லுக்குச் சொல் தேடித் தேடிச் சொன்னீர்கள். "மச்சாள், பெரிய படம் கீறினா ஒரு பணக்காரன் வாங்கிக்கொண்டு போவான். பிறகு நான் பார்க்கேலாது. அச்செண்டா அவனுக்கும் ஒண்டு, எனக்கும் ஒண்டு." மச்சாள் என்ற சொல் உங்களுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. நான் உங்களைக் கூப்பிடுவதும் அது, நீங்கள் என்னைக் கூப்பிடுவதும் அது. உங்கள் பாஷையில் இப்படி இரண்டு பக்கமும் போகிற சொல் இல்லை என்றீர்கள். அந்தப் பட்டறையில் நிலம் கழுவவும் அச்சு இயந்திரத்தின் சில்லைச் சுற்றவும் வந்த எங்கள் அண்ணையை எப்படிப் பிடித்தது என்றும் கேட்டேன். "அவர் சுத்தேக்கை மூச்சை அடக்குவார். படம் வரும்வரை" என்றீர்கள்.

மாமாவின், அதாவது எங்கள் அப்பாவின், முகத்தை நான் வெட்டுகிறேன் என்று நீங்கள் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மூன்று நாள் கண்ட முகம், அதுவும் இரண்டு வருடத்துக்கு முன். பூவரசம் பலகை ஒன்று கேட்டு வாங்கி, விறாந்தையில் பாயைப் போட்டு இருந்தீர்கள். அண்ணை திவச வேலையாக யாழ்ப்பாணம் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கப் போய்விடுவேன். வீட்டில் நீங்களும் அம்மாவும் மட்டும்.

என்ன நடந்தது என்று பிறகு நீங்கள் இருவரும் தனித்தனியாகச் சொன்னீர்கள். அம்மா குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தபடி கடைக்கண்ணால் பார்த்திருக்கிறார். நீங்கள் பலகையில் பென்சிலால் அப்பாவை, கன்னத்தில் அவருடைய கறுத்த மறுவோடு, கீறி முடித்ததும் அம்மாவால் பேசாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து, உங்கள் கையைப் பிடித்து, "இல்லைப் பிள்ளை, மறு மற்றக் கன்னத்திலை" என்றார். உங்களுக்கு அம்மா சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நீங்கள் பிழை விடவில்லை. பலகையில் வெட்டுவது தாளில் இடம் வலம் மாறி வரும் என்று தெரிந்து மாற்றித்தான் கீறியிருந்தீர்கள். "மாமி, பேப்பரில திரும்பும்" என்று சொல்லியும் பார்த்தீர்கள். "அவர் ஏன் திரும்ப வேணும்?" என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு உங்களிடம் தமிழ் இருக்கவில்லை. அம்மாவின் கை உங்கள் கையில் இருந்தது. நீங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அம்மா சொன்னபடியே கீறினீர்கள். மறு வலக் கன்னத்துக்குப் போனது. தலை வகிடு மாறியது. சால்வை மற்றத் தோளுக்குப் போனது. "காது இன்னும் கொஞ்சம் பெரிசு. சிரிப்பு வாயிலை இல்லை, கண்ணிலைதான் முதல் வரும்." அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் வெட்டினீர்கள். பின்னேரம் நான் வந்து பார்த்தபோது பலகையில் அப்பா இருந்தார். எனக்கும் அச்சு வேலை ஒன்றும் தெரியாது. சந்தோசத்தில் கத்திவிட்டேன்.

அவ்வளவு நாளும் ஒரு வார்த்தை பேசாத மனுசி கையைப் பிடிக்கும்போது யார்தான் அதை உதறிவிட்டுத் தொழில் பார்ப்பார்கள்? உங்களை நான் பிழை சொல்லமாட்டேன்.

அச்சு இயந்திரம் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்த உங்களுக்கு அம்மாவே குசினியில் இருந்து சிரட்டை அகப்பையைக் கொண்டுவந்து தந்தார். பலகைக்கு மை உருட்டி, மெல்லிய தாளை வைத்து, அகப்பையின் வழுவழுப்பான அடிப்பக்கத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தீர்கள். அண்ணையும் வந்திருந்தார். பழக்கதோசத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். தாளை உரித்தீர்கள்.

அம்மா பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். மீண்டும் தாளைப் பார்த்தார்.

"இது அவர் இல்லை" என்றார். "மறு எங்கை கிடக்குது? சால்வை எந்தத் தோளிலை? இது ஆரோ அவரைப் போல ஒருத்தர்." சொல்லிக்கொண்டே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினார். ஒரு வருடமாக அழாமல் வைத்திருந்தது எல்லாம் அன்று வந்தது. நீங்கள் பதறிப் போய் மைக் கையோடு தாளை இறுக்கிப் பிடித்தீர்கள். அண்ணை உங்களைப் பார்த்து, "உமக்குத் தெரியும்தானே, தெரிஞ்சுகொண்டும் ஏன் இப்பிடி?" என்று சத்தம் போட்டார். நீங்கள் அம்மாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தீர்கள்.

"மாமி, இதுவும் மாமாதான். மாமா சவரம் எடுக்கேக்கை கண்ணாடியிலை பார்த்த மாமா."

"அவர் பார்த்தது எனக்கென்னத்துக்குப் பிள்ளை?" என்றார் அம்மா. "நான் பார்த்ததைத் தாரும்."

 தாளை அப்பால் வைத்துவிட்டு, மை துடைத்த பலகையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தீர்கள். பலகையில் மறு சரியான கன்னத்தில் இருந்தது. அம்மா அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கல்வெட்டுக்காக வேறொரு பலகையில் பக்கம் மாற்றி அவசரமாக வெட்டினீர்கள். அதை அச்சகத்தில் கொடுத்தோம், கல்வெட்டும் வந்தது, ஊரும் நல்லது என்றது. அதை அம்மா ஒருக்கால் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். திவசப் படையல் பூவரசம் பலகைக்கு முன்னால்தான் நடந்தது. கறுத்த முகத்தின் நெற்றியில் அம்மா சந்தனம் வைத்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி நல்லெண்ணெய் தொட்டு அதைத் துடைப்பார். அகப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நீங்கள் போனீர்கள்.

அதன் பிறகு உங்களுக்குப் பேர் வரத் தொடங்கியது. வற்றுக்கடல், பனை, கரையேற்றிய வள்ளம் எல்லாம் வெட்டினீர்கள், எல்லாவற்றையும் அந்த அகப்பையால்தான் தேய்த்தீர்களாம். இந்திய இராணுவம் போய், அடுத்த சண்டை தொடங்காமல் இருந்த அந்தக் கொஞ்ச மாதங்களில் நீங்கள் தனியாக ஒரு தரம் வந்தீர்கள். அம்மா உங்களுக்காக ஒடியல் கூழ் காய்ச்சினார். அப்போது உங்கள் தமிழ் எங்களோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கூழ் குடித்து முடித்ததும் பலகையைப் பார்க்கக் கேட்டீர்கள். எண்ணெய் ஊறி ஊறி அது கருங்காலி நிறத்துக்கு வந்திருந்தது. நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னீர்கள், "மச்சாள், நான் வெட்டினதிலை இதுதான் நல்லது. இதைப் போல ஒண்டு பிறகு எனக்கு வரேல்லை."

பாரிசில் பெரிய காட்சி ஒன்று வருகிறது, இதை இன்னும் ஒரு பத்துத் தாளில் எடுக்கலாமோ என்று அம்மாவைக் கேட்டீர்கள். கேட்கும்போது பலகையைக் கீழே வைக்கவில்லை. ஒரு தொழில்காரியின் வாழ்க்கையில் எது பெரியது என்று எனக்கும் அன்று விளங்கியது. அம்மா பலகையை வாங்கிச் சீலைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவருக்கு இனி மை பூசக் கூடாது பிள்ளை. கோவியாதையும்."

"கோவமில்லை மாமி."

"முந்தி எடுத்த அந்தக் கடுதாசி இருக்குத்தானே உம்மட்டை? அதைக் கொண்டுபோய்க் காட்டுமன்."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "அவர் இல்லையெண்டு நீங்கள் சொன்ன படத்தை நான் ஆருக்கும் காட்டமாட்டன்." அம்மா உங்கள் கன்னத்தைத் தடவிவிட்டுக் குசினிக்குள் போனார். அன்றிரவு உங்கள் சோற்றுக் கோப்பையில் இருந்த மீன்பொரியலோடு அம்மாவின் பங்கும் முழுதாகச் சேர்ந்தது.

அடுத்த வருடம் இராணுவம் தீவுக்குள் வந்தது. அராலிப் பக்கம் போகும் வள்ளங்களில் சனத்தோடு சனமாக நாங்களும் ஏறினோம். என் கையில் உடுப்பு மூட்டை. அம்மாவின் மடியில் சீலையில் சுற்றிய பலகை. பக்கத்தில் இருந்த மனுசி, "ஆச்சி, உது சாமிப் படமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றார் அம்மா. நீங்கள் படம் வெட்டிக் கொடுத்த கல்வெட்டு, நீங்களும் அம்மாவும் கிணற்றடியில் நின்று எடுத்த படம், அண்ணையின் கடிதங்கள் எல்லாம் வீட்டோடு விட்டோம். திரும்பி வந்தபோது ஒன்றும் இருக்கவில்லை.

கொக்குவிலில் வாடகை வீட்டில் அம்மா நான்கு மாரி இருந்தார். ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நடந்த அந்த வருடத்தின் தொடக்கத்தில், அந்த நடையைக் காணாமல், போய்விட்டார். போவதற்கு முந்திய கிழமை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "என்ரை நெஞ்சிலை அவரை வையுங்கோ. புல்லாலை இல்லாமல், முகத்தோடை அவர் வேகட்டும்."

அத்தனை வருடம் அந்தப் பலகையை அம்மா ஏன் ஒருவரிடமும் கொடுக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. கும்பிடுவதற்கு என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்குக் கிடைக்காத சிதைக்காகக் காவல் வைத்திருந்திருக்கிறார்.

உங்களைக் கேட்க வழியில்லை. தொலைபேசி இல்லை, தபால் போக மாதக்கணக்கு. உங்கள் வாழ்நாளின் நல்ல வேலை அது என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். பெண்கள் நாங்கள் சுடலைக்குப் போவதில்லை, படலையோடு நின்றுவிடுவோம். படலையில் வைத்து அதைச் சின்னையாவின் மகனிடம் கொடுத்தேன், அவன்தான் அண்ணைக்குப் பதிலாகக் கொள்ளி வைத்தவன். கொடுக்கும்போது கை விட மறுத்தது. அவன் திரும்பி வந்து கால் கழுவிவிட்டுச் சொன்னான், "அக்கா, நெஞ்சிலைதான் வைச்சனான். எண்ணெய்ப் பலகையெல்லே, முதல் பத்தினது அதுதான்." அம்மா பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த நெருப்பு அது.

கொழும்புக்குப் போன ஒருவரிடம் உங்களுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். திட்டுவீர்கள் என்று பயமாக இருந்தது. உங்கள் பதில் குண்டு குண்டான தமிழ் எழுத்தில் வந்தது. "மச்சாள், நான் நல்ல பலகை ஒன்று செய்தனான். அது நல்ல இடத்துக்குப் போட்டுது." அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எத்தனையோ படம் வெட்டினீர்கள், இந்தக் கதையை ஒரு பத்திரிகைக்காரனுக்கும் நீங்கள் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம்தான் தாளைக் குழாயில் இருந்து எடுத்தேன். அம்மா வேண்டாம் என்ற அதே தாள். உங்கள் மேசை லாச்சியின் அடியில் இருந்ததாம், என்னிடம் சேர்க்கச் சொன்னீர்களாம். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அதைப் பிடித்தேன். கண்ணாடிக்குள் மறு சரியான கன்னத்துக்குப் போனது, சால்வை சரியான தோளுக்குப் போனது. அம்மா பார்த்த அப்பா. தாளைத் திருப்பி என் பக்கம் பிடித்தால், கடைக்கு மேல் வீட்டில் விடிய எழும்பிச் சவரம் எடுத்த அப்பா தன்னைத்தானே பார்த்த முகம். நீங்கள் அன்று சொன்னதை நம்ப எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

தாளின் கீழ் மூலையில் ஒரு பெருவிரல் மையோடு பதிந்திருக்கிறது. அம்மா அழத் தொடங்கியபோது நீங்கள் பதறிப் பிடித்த இடம். ரேகை ஒவ்வொன்றும் தெரிகிறது. சட்டம் போடுகிற பொடியன் அதைக் கண்டுவிட்டு, "மூலையிலை ஊத்தை, வெட்டிவிடட்டோ?" என்று கேட்டான். கையைத் தட்டிவிட்டேன்.

காலையில் அண்ணை தொலைபேசி எடுத்தார். உங்கள் முகம் உள்ள படம் ஒன்றும் எங்களிடம் இல்லையே, நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பட்டோ என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு இந்தப் பெருவிரல் காணும், மச்சாள்.